சாலிக்கு ஸ்பார்க் இல்லை: பொயின்ட்டா, சி.டி.ஐ.யா, வேறு இன்ஜினா?

ஸ்டார்ட் வராத ஹொண்டா சாலி என்ற பழைய சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கிழக்கிலங்கையில் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் எந்தக் கராஜுக்குள் நுழைந்தாலும் மூன்று யோசனைகளில் ஒன்று கிடைக்கும். வயதான மெக்கானிக், "பொயின்ட்டத் துடைச்சு கேப் பாத்து விட்டா ஓடும்" என்பார். இளையவர், "பொயின்ட் வேல இப்ப ஆரும் செய்யிறல்ல சேர், சி.டி.ஐ. ஒண்டு போட்டா சோலி முடிஞ்சி" என்பார். பக்கத்தில் டீக் கோப்பையோடு நிற்கும் மூன்றாமவர், "இந்த இன்ஜின வெச்சி என்ன செய்யப் போறீங்க, சைனா இன்ஜின் ஒண்ட ஏத்துங்க" என்று முடித்துவிடுவார். பொயின்ட் என்பது பிளக்கில் ஸ்பார்க் அடிக்க வேண்டிய கணத்தில் திறக்கும் சின்னத் தொடுமுனை, கேப் என்பது அதன் இடைவெளி. சி.டி.ஐ. என்பது அந்த வேலையை உரசல் இல்லாமல் செய்யும் இலத்திரனியல் பெட்டி. மூன்றுமே நடக்கக்கூடிய வேலைகள்தான். ஆனால் ஸ்பார்க் ஏன் வரவில்லை என்று பார்க்கும் முன்பே மூவரும் மருந்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சாலிகளுக்குப் பொயின்ட்டே போதும். இரவில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடுகிறவருக்கு மட்டும் 12 வோல்ட் சி.டி.ஐ. செலவுக்குப் பெறுமதி உண்டு. இன்ஜின் மாற்றுவது ஸ்பார்க் பிரச்சினைக்குத் தீர்வே அல்ல.

பழைய சாலிகளுக்கு மவுசு திரும்பியதற்குப் பழம்பொருள் ஆசை மட்டும் காரணமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் கியூ.ஆர். முறையில் பெற்றோல் கொடுக்கத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரில் 49 சி.சி. வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் பார்த்தவர்கள், வீட்டுப் பின்புறம் தறப்பாளுக்குக் கீழே கிடந்ததையெல்லாம் வெளியே எடுத்தார்கள். 2025 இல் இறக்குமதி திறந்த பிறகும் புது வண்டியின் விலை பலருக்குக் கைக்கெட்டாமல்தான் இருக்கிறது.

சாலி ஜப்பானில் 1972 இல் வந்தது. 10 அங்குலச் சில்லு, பாவாடையோடும் சாரத்தோடும் ஏறக்கூடிய தாழ்ந்த நடுப்பகுதி, படுத்த நிலையில் ஒற்றைச் சிலிண்டர். அதே குடும்பத்து இன்ஜின்தான் ஹொண்டா கப் 50, கப் 70, 1969 இல் வந்த டக்ஸ், அதற்கும் முந்திய மங்கி ஆகியவற்றிலும் இருக்கிறது. ஆகவே கீழே வருவது அந்த 6 வோல்ட் பொயின்ட் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் செல்லும்.

காசு கொடுக்க முன்

ஸ்டார்ட் இல்லை என்றதும் பற்றறி வாங்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 6 வோல்ட் சாலியில் ஸ்பார்க்குக்கும் பற்றறிக்கும் தொடர்பில்லை. பற்றறியைக் கழற்றி எறிந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் வர வேண்டும். இடப்பக்க மூடிக்குள் சுழலும் பிளைவீலில் காந்தங்கள் இருக்கின்றன. அவை உள்ளே இருக்கும் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. பிளைவீலும் சுருளும் சேர்ந்ததைத்தான் மெக்னட் என்கிறோம். பொயின்ட் மூடியிருக்கும்வரை அந்த மின்சாரம் போடிக்குள், அதாவது வண்டியின் உலோக உடலுக்குள், இறங்கிவிடும். பொயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில் போக வழியில்லாமல் இக்னிஷன் கொயிலுக்குள் பாய்கிறது. பிளக்கில் ஸ்பார்க் அப்போதுதான் அடிக்கும். திறக்கும் இடத்திலேயே பொறி பறந்து பொயின்ட் எரிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். இந்த வழியில் எங்கே மின்சாரம் தப்பித்துப் போகிறது என்று தேடுவதுதான் வேலை முழுவதும்.

பிளக்கைக் கழற்றியவுடன் மூக்கில் பிடித்துப் பாருங்கள். ஈரமாகப் பெற்றோல் மணத்தோடு இருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்புத்தான் இல்லை. காய்ந்து கிடந்தால் காபரேட்டரையும் பெற்றோல் திருகியையும் பாருங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. ஈரமான பிளக்கைத் துடைத்து, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருக்கிறதா என்று பார்த்து, கெப்பில் (தடித்த வயரின் நுனியிலுள்ள தொப்பியில்) செருகி, சிலிண்டர் தலையின் வெறும் உலோகத்தில் உடல் படும்படி வைத்து ஒரு உதை. வெயிலில் பார்க்காதீர்கள், வண்டியை நிழலுக்குள் ஏற்றுங்கள். கடற்கரை வெளிச்சத்தில் நல்ல ஸ்பார்க்கே கண்ணில் படாது, "செத்துப் போச்சு" என்று தீர்ப்பெழுதிவிடுவீர்கள். நீலவெள்ளையாகச் 'சட்' என்ற சத்தத்தோடு அடித்தால் நல்லது. மெல்லிய செம்மஞ்சள் நூல் மாதிரி வந்தால் அதை நம்ப வேண்டாம். வெளிக்காற்றில் தாவுகிற ஸ்பார்க், சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றில் தாவாமல் போகலாம். சந்தேகமிருந்தால் பிளக் கெப்பைத் திருகிக் கழற்றி, தடித்த வயரின் நுனியை றப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, தலையிலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளி வைத்து உதைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியைத் தாண்டினால் கொயிலில் பெரிய குறை இல்லை.

ஸ்பார்க்கே இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சாவி. நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டிகளில் சாவியை அணைத்தால் மெக்னட்டின் மின்சாரம் போடிக்குள் இறங்கும்படி வயர் போட்டிருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது, திருக்கோவில் என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிற வண்டியின் சாவிக் குழலுக்குள் உப்புக் காற்றும் மாரி மழையும் போய்ப் பச்சை பூத்துக் கிடக்கும். சாவி திறந்திருந்தாலும் உள்ளே மின்சாரம் போடிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கொயிலுக்கு அருகில் சாவியிலிருந்து வருகிற வயரை மட்டும் கழற்றிவிட்டு உதையுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் பொயின்ட்டும் வேண்டாம், சி.டி.ஐ.யும் வேண்டாம், சாவிக் குழலைச் சுத்தம் செய்தால் போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த வயர் கழன்றிருக்கும்போது ஓடும் இன்ஜினைச் சாவியால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ பெற்றோலை அடைத்தோதான் நிறுத்த வேண்டும்.

பிறகு கெப். தடித்த வயரின் நுனியில் செம்பு கறுத்திருந்தால் 5 மில்லிமீற்றர் வெட்டிவிட்டுக் கெப்பைத் திரும்பத் திருகுங்கள். கெப்புக்குள் தடை இருக்கும் வகையென்றால் மல்டி மீற்றர் 5 கிலோ ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் தூக்கிப் போடுங்கள். அண்மையில் பெயின்ட் அடித்த வண்டி என்றால் இன்னொரு இடம் உண்டு: கொயிலைப் போடியில் பூட்டும் போல்ட்டுக்குக் கீழே பெயின்ட் இருக்கிறதா? அழகு பார்க்க வேண்டும் என்று எல்லா இடமும் அடித்துவிடுவார்கள், கொயிலுக்கு ஏர்த் கிடைக்காது. அந்த ஒரு இடத்தைச் சுரண்டிவிட்டால் வண்டி ஓடும். புதுசாகப் பெயின்ட் அடித்ததும் ஸ்டார்ட் வராமல் போன சாலிகளில் இது அடிக்கடி நடக்கிறது. மெக்கானிக் மீதுதான் பழி விழும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஸ்பார்க் இல்லையென்றால், அல்லது சூடேறினதும் நின்று, ஆறினதும் திரும்ப ஓடுகிறது என்றால், இடப்பக்க மூடியைக் கழற்ற வேண்டியதுதான். தெரிவு செய்யும் இடமும் இதுதான்.

பொயின்ட்டை வைத்துக்கொள்வது

பிளைவீலின் முகத்தில் ஜன்னல் மாதிரி வெட்டுகள் இருக்கும். டோர்ச் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினால் உள்ளே பொயின்ட் தெரியும். இரண்டு சிறு பொட்டுகள், மிளகு அளவுகூட இராது, ஒன்றையொன்று தொட்டு விலகும். அந்தப் பொட்டுகளின் முகம் பல கதைகளைச் சொல்லும். வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் நல்ல ஆரோக்கியம். ஒன்றில் சின்ன மேடும் மற்றதில் அதற்குப் பொருத்தமான பள்ளமும் இருந்தால் கண்டென்சரின் அளவு பிழை, அல்லது அது செத்துக்கொண்டிருக்கிறது. பொயின்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த மேடு திரும்ப வளரும். நீலமாக எரிந்திருந்தாலும் கண்டென்சரைத்தான் பார்க்க வேண்டும். கறுத்துப் பிசுபிசுவென்று எண்ணெய்ப் படலம் இருந்தால் பிழை பொயின்ட்டிலே இல்லை. மெக்னட்டுக்குப் பின்னால் கிராங் வெளியே வரும் இடத்திலுள்ள எண்ணெய்ச் சீலோ அதைச் சுற்றிய றப்பர் வளையமோ கசிகிறது. அதை மாற்றாமல் புதுப் பொயின்ட் போட்டால், சில கிழமைகளில் அதே கறுப்பு திரும்ப வரும்.

துடைப்பதற்குச் சாண்ட் பேப்பர் எடுக்காதீர்கள். அதன் மணல் பொட்டுக்குள் ஒட்டிக்கொண்டு தானே ஒரு தடையாகிவிடும். மெல்லிய பொயின்ட் அரத்தால் இரண்டு மூன்று தடவை, பிறகு தின்னர் தோய்த்த வெள்ளைத் தாளை நடுவில் வைத்து இழுத்தால் போதும். கை விரலால் தொடவும் வேண்டாம்.

இடைவெளி முழுதாகத் திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். ஆனால் இந்த இன்ஜின்களில் இடைவெளி என்பது நேரக்கணிப்பும்கூட. இடைவெளியைக் கூட்டினால் பொயின்ட் முந்தித் திறக்கும், குறைத்தால் பிந்தித் திறக்கும். ஆகவே இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜோடு வேலை முடியாது. பிளைவீலின் விளிம்பில் இரண்டு கோடுகள் இருக்கின்றன, ஒன்றில் டி, மற்றதில் எஃப். இடப்பக்கமிருந்து பார்த்தால் இன்ஜின் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தத் திசையில் மெல்லத் திருப்பி, எஃப் கோடு கிராங்கேஸ் குறிக்கு நேரே வரும்போது பொயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மீற்றரை வைத்துப் பார்க்கிறவர்கள் இங்கே குழம்பிப் போவார்கள். மீற்றர் எப்போதும் சத்தம் போடும். பொயின்ட் திறந்தாலும் மெக்னட் சுருளின் வழியாக மின்சாரம் போடிக்குப் போவதால் மூடியது மாதிரியே காட்டும். சுருளின் வயரைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பழைய வழி இருக்கிறது. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைப் பொட்டுகளுக்கு நடுவில் கொடுத்து, இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பிளைவீலைத் திருப்புங்கள். தாள் வழுக்கி வெளியே வருகிற அந்த இடத்தில் எஃப் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் துல்லியம் இந்த வண்டிக்குத் தேவையில்லை.

பொயின்ட் சரியாக இருந்தும் எஃப் கோட்டுக்குப் பக்கத்திலேயே வராமல் எங்கோ திறந்தால் பிளைவீல் நகர்ந்திருக்கலாம். கிராங்கில் அதைப் பிடித்து வைக்கும் அரைவட்டச் சாவி வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பார்க்கப் பிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கென்று ஒரு புல்லர் உண்டு. சுத்தியலால் தட்டுகிற கராஜிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். காந்தமும் போகும், கிராங்கும் கோணலாகும்.

சூடேறினதும் நிற்கிற வண்டிக்கு என் முதல் சந்தேகம் கண்டென்சர். அது இருப்பது பிளைவீலுக்குள், இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில். மீற்றரில் வைத்தால் ஆறிய நேரம் நல்லதாகவே காட்டும். மலிவான, ஆனால் உறுதியான தீர்வு: உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு, 0.2 முதல் 0.3 மைக்ரோபரட் வரையான ஒரு கண்டென்சரை வெளியே கொயிலுக்குப் பக்கத்தில் பூட்டுவது. மின்சாரத்தைப் பொறுத்தவரை அது உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒன்றுதான். சூடு மட்டும் படாது. அடுத்த முறை மாற்றப் பிளைவீலைக் கழற்றவும் தேவையில்லை. அதன் பிறகும் சூட்டில் நின்றால் மெக்னட் சுருள், இல்லையென்றால் இக்னிஷன் கொயில். இரண்டையும் நன்றாக ஓடுகிறதென்று தெரிந்த வண்டியிலிருந்து மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட நேரான வழி இல்லை. சாலிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொயில் கடன் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன், கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுப்பது மாதிரி.

பொயின்ட்டின் குறை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அதன் குதி, சுழன்று அதைத் திறக்கும் மேடான கம்மில் உரசித் தேயும், இடைவெளி சுருங்கும், நேரக்கணிப்புப் பிந்தும். கம்மைத் தொட்டு நிற்கும் பட்டித் துண்டில் ஒரு துளி கிரீஸ் இல்லாவிட்டால் தேய்வு இரட்டிப்பாகும். மாரிக்கு முன்னும் பின்னும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் பொயின்ட் சொல்லாமல் கொள்ளாமல் சாகாது. முதலில் உதை கூடும், பிறகு ஏற்றத்தில் இழுவை குறையும், பிறகு புகைக்குழாயில் 'பட் பட்' என்று வெடிக்கும். அந்தக் கட்டத்திலும் ஸ்குரூ டிரைவரும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் வீதியோரத்திலேயே வீடு போய்ச் சேருகிற அளவுக்குச் சரிப்படுத்தலாம். எனக்கு இந்த ஒரு குணமே போதும்.

சாமான் விசயத்தில் ஒரு கருத்து. பெட்டியில் பளபளவென்று வரும் பெயர் தெரியாத புதுப் பொயின்ட்டைவிட, பழைய வாகனச் சாமான் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் மெக்னட்டோடு கழன்று வருகிற பழைய பொயின்ட் பல நேரம் நீடிக்கிறது. மலிவுச் சாமானில் குதி மென்மையான பிளாஸ்டிக்கில் இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். கண்டென்சரைப் பொறுத்தவரை இது தலைகீழ்: பழையதை வாங்கவே வேண்டாம்.

சி.டி.ஐ. போடுவது

"ஒண்டு போட்டா சோலி முடிஞ்சி" என்று சொல்வதில் அந்த 'ஒண்டு' எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். சி.டி.ஐ. பெட்டியை மட்டும் வாங்கி 6 வோல்ட் மெக்னட்டில் தொடுத்தால் ஒன்றும் நடக்காது. 12 வோல்ட் ஸ்டேட்டரும் (சுருள்கள் பூட்டிய தட்டும்) அதற்குரிய பிளைவீலும் வேண்டும், பெட்டி வேண்டும், கொயில் வேண்டும், ரெகுலேட்டர் வேண்டும். 12 வோல்ட் வந்துவிட்டால் ஹெட்லைட் பல்பிலிருந்து சிக்னல் பல்ப், ஹோர்ன், பிளாஷர், பற்றறி வரைக்கும் எல்லாம் மாற வேண்டும். சாலியின் சின்னப் பற்றறிப் பெட்டிக்குள் 12 வோல்ட் பற்றறி நுழையுமா என்பது தனிக் கேள்வி. வயரிங் முழுவதையும் திரும்பப் போடுவதுதான் ஒழுங்கான வேலை. பழைய வயரில் புதியதை முறுக்கி டேப் சுற்றிய வேலைதான் ஒரு மழையோடு படுத்துவிடுகிறது.

பொருத்தத்தையும் பாருங்கள். பிளைவீல் உட்காருகிற கிராங் முனையின் சரிவு எல்லா இன்ஜினிலும் ஒன்றல்ல. கடைக்காரர் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்பார். கிராங்கில் வைத்துப் பார்த்து, ஆட்டமில்லாமல் உட்காருகிறது என்று கண்டபின் காசைக் கொடுங்கள். பெட்டியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மெக்னட்டின் மின்சாரத்தில் வேலை செய்வது, மற்றது பற்றறியில் வேலை செய்வது. சாலிக்கு முதலாவது வகைதான். இரண்டாவதைப் போட்டால் பற்றறி இறங்கிய அன்று உதைத்து உதைத்துக் கால் வீங்கும். பொயின்ட் வண்டிக்கு இல்லாத ஒரு புதுப் பலவீனத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

இதைச் சரியாகச் செய்து முடித்தால் வருகிற நன்மைகள் உண்மையானவை. உரசித் தேய்வதற்கு ஒன்றும் இல்லை, நேரக்கணிப்பு வைத்த இடத்தில் நிற்கும், மாரியில் காலை உதை குறையும். எண்ணெய்ச் சீல் சிறிது கசிந்தாலும் ஸ்பார்க் கெடாது. ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய நன்மை ஸ்பார்க்கில் இல்லை, லைட்டில் இருக்கிறது. 6 வோல்ட் சாலியில் ஹெட்லைட் மெக்னட்டிலிருந்தே எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் இறங்கும். பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கமோ, வவுணதீவு தாண்டி உள்ளேயோ பொழுது சாய்ந்து போகிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. குழி கண்டு வேகம் குறைக்கிற இடத்தில்தான் விளக்கும் மங்குகிறது, வீதியோரம் யானை நிற்பதும் அப்படிப்பட்ட இடங்களில்தான். 12 வோல்ட்டும் நல்ல எல்.ஈ.டி. பல்பும் அங்கே உயிர்க் காவல். அந்தப் பாதையில் கிழமை தவறாமல் இரவில் போகிறவருக்கு நான் பொயின்ட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மறுபக்கம் இதுதான். சி.டி.ஐ. பெட்டி சாகும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த கணம் இராது. உள்ளே பசை ஊற்றி அடைத்திருப்பதால் திருத்தவும் முடியாது. மாற்றிப் போடுவது ஒன்றே வழி. நல்ல வேளையாக ஐந்து முள்ளு வைத்த அந்தப் பெட்டி பல சைனா வண்டிகளுக்கும் பொதுவானது, சின்ன டவுனிலும் அகப்படும். ஒன்றைச் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டால் பயம் பாதி போய்விடும். பெட்டி நல்லதாக இருந்து ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பெட்டிக்குச் சொல்லும் உள்ளேயுள்ள பிக்கப் சுருள் போனால் விளையாட்டு முடிந்தது, வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். மீற்றர் இல்லாத கராஜ் இந்த வேலையை அனுமானத்தில்தான் செய்யும்: பெட்டியை மாற்று, சரிவராவிட்டால் கொயிலை மாற்று, அதுவும் சரிவராவிட்டால் ஸ்டேட்டரை மாற்று. ஒவ்வொரு அனுமானத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

இன்ஜினை மாற்றுவது

இதற்கு நீண்ட நேரம் செலவழிக்க விருப்பமில்லை. படுத்த சிலிண்டர் சைனா இன்ஜின் 70 சி.சி.யிலிருந்து 110 சி.சி.க்கு மேலும் கிடைக்கிறது. ஹொண்டாவின் பூட்டும் இடங்களை அப்படியே பின்பற்றியதால் போல்ட் துவாரம் பெரும்பாலும் பொருந்தும், சி.டி.ஐ.யும் கூடவே வருகிறது. ஆகவே மூன்றாமவரின் யோசனை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்ஜின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் ஓடினால் வீதிச் சோதனையிலும், விற்கப் போகும் நாளிலும், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் அது தலையைக் காட்டும். அதைவிட எனக்குப் பயம் பிரேக்கில். 10 அங்குலச் சில்லின் சின்ன ட்ரம் பிரேக் 49 சி.சி. வேகத்துக்குச் செய்தது. அதற்கு மேல் 110 சி.சி.யை ஏற்றிக் கல்முனை வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிற பொடியன்களைக் கண்டால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. கிராங் உடைந்து, கேஸ் வெடித்து, பழைய இன்ஜினைக் கட்டுவதற்கு வழியே இல்லை என்றால் மட்டும் இந்தக் கதவைத் தட்டுங்கள். அப்போதும் 70 சி.சி.க்கு மேலே போகாதீர்கள்.

ஆருக்கு எது

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ பள்ளிக்கும் சந்தைக்கும் பேரப்பிள்ளையை மதரசாவில் விடுவதற்கும் வைத்திருக்கிற ஒரு மூத்தவருக்குப் பொயின்ட். ஒடுக்க ஒழுங்கையில் மெதுவாக ஓடுகிற வண்டிக்கு அதைவிட ஒன்றும் தேவையில்லை. கண்டென்சரை வெளியே போட்டு, எண்ணெய்ச் சீலை மாற்றி, பட்டித் துண்டில் கிரீஸ் வைத்துவிட்டால் வருடக்கணக்கில் அவர் கராஜ் பக்கம் வரமாட்டார். "காக்கா, சி.டி.ஐ. போடுவமா?" என்று கேட்கிற பொடியனுக்கு, "போடத் தேவல்ல, நீ முதல்ல சாவிய கழட்டிப் பாரு" என்று பதில் சொல்லத் தெரிந்த ஒரு மெக்கானிக் அருகில் இருந்தால் போதும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து வாவி தாண்டிப் படுவான்கரையில் படிப்பிக்கப் போகிற டீச்சருக்கு விடை அவ்வளவு நேரானது இல்லை. காலையில் போய் இரண்டு மணிக்குத் திரும்புகிறவர் என்றால் பொயின்ட்டே நல்லது, ஏனென்றால் நடுவழியில் நின்றால் வயல் நடுவில் சி.டி.ஐ. பெட்டி விற்கிற கடை இல்லை. மாலை வகுப்பும் எடுத்து இருட்டில் வருகிறவர் என்றால் 12 வோல்ட் போட்டு, கையோடு ஒரு பெட்டியையும் வைத்துக்கொள்ள வேண்டும். செலவு கூடத்தான், ஆனால் அந்தச் செலவு விளக்குக்கு.

அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போய்வருகிற வேளாண்மைக்காரருக்கு இன்னொரு கணக்கு. அவருடைய வண்டி சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்குகிறது. தண்ணீர் பிளைவீல் மூடிக்குள் போனால் பொயின்ட் நனைந்து நிற்கும், ஆனால் மூடியைக் கழற்றித் துடைத்தால் பத்து நிமிடத்தில் ஓடும். சி.டி.ஐ.யில் சுருள்களுக்குத் தண்ணீர் அவ்வளவு கேடு செய்யாது, கேடு வருவது பெட்டிக்குப் போகும் செருகிகளில். எதை வைத்திருந்தாலும் மூடியின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், செருகிகளுக்குள் சிலிக்கன் கிரீஸ் அப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் நான் இங்கே பொயின்ட் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அவருடைய மகன் பொயின்ட்டைக் கையாளப் பழகாவிட்டால் சி.டி.ஐ.தான் சரி. திருத்தத் தெரியாத வீட்டில் பொயின்ட் இருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

பழைய சாலியை அழகாகக் கட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் 6 வோல்ட் பல்பையும் பஞ்சிகாவத்தையில் தேடிக்கொண்டுதான் இருப்பார். சி.டி.ஐ. போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய மெக்னட், பிளைவீல், பொயின்ட் தட்டு, கொயில் எல்லாவற்றையும் எண்ணெய் பூசி, பிளைவீலின் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டாமல் துணியில் சுற்றி, ஒரு பையில் போட்டு வீட்டில் வையுங்கள். மெக்கானிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் நிறுத்தும் போட வேண்டாம். நாளைக்கு வண்டியை வாங்க வருகிறவர் ஒரிஜினல் சாமான் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். அந்தப் பை இருந்தால் விலை பேசுவது நீங்கள்.